நெல்வி பயந்த இடம்

எவரிஸ்தா போமாவை எனக்குப் பிடிக்காது. ஒரே பள்ளிக்கூடத்தில் பதினோரு வருடம் அவளோடு வேலை பார்த்தேன். அதில் பத்து வருடம் அவள் குரல் கேட்டாலே எனக்கு எரிச்சல்தான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மற்றதை எழுத எனக்கு யோக்கியதை உண்டு. இன்றைக்கு எங்கள் மலையூர் கொல்பானியில் அவளைப் பற்றி ஆளுக்கு ஒன்று பேசுகிறார்கள். நான் கூடவே நின்று பார்த்தவள்.

அவள் எங்கள் பள்ளிக்கூடத்தின் வாசற்காரி. கேட்டை ஒட்டிய ஒற்றை அறையில் குடியிருந்தாள். பெருக்குவது, மணி அடிப்பது, பூட்டுவது, திறப்பது எல்லாம் அவள் வேலை. யாரும் சொல்லாமலே அவளாக எடுத்துக்கொண்ட இன்னொரு வேலையும் உண்டு. அது சந்தேகப்படுவது.

பிள்ளையைக் கூட்டிப்போக அம்மாவோ அப்பாவோ தவிர வேறு யாராவது வந்தால் போச்சு.

"யாருய்யா நீ?"

"சித்தப்பா."

"சித்தப்பான்னா நெத்தியில எழுதியிருக்கா? அவங்க அம்மா சொன்னாங்களா?"

"வேணும்னா போன் பண்ணிக் கேட்டுக்கோங்க."

"என் காசை நான் ஏன் கரைக்கணும்? நீ பண்ணு, நான் பேசறேன்."

ஒரு தடவை ஒருரோ நகரத்திலிருந்து வந்த பாதிரியாரையே ஆலங்கட்டி மழையில் கேட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்தாள். தலைமையாசிரியர் குடை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. "அங்கியை யார் வேணா தைச்சுக்கலாம்ல?" என்று பாதிரியார் காதுபடவே சொன்னாள்.

ஒரு குளிர்கால விடுமுறையில் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு எல்லா வகுப்பறைக் கதவுகளிலும் உள்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றிப் போட்டாள். கேட்டால், துருப்பிடித்துவிட்டதாம். புதிது வாங்கிக் கொடுத்தால் அது தொலைந்துவிட்டதாம். பள்ளி விட்ட பிறகு ஒரு பையனை உட்கார வைத்து நான் வகுத்தல் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பேன். கதவு படாரென்று திறக்கும். துடைப்பத்தோடு நிற்பாள்.

"கதவைச் சாத்து எவரிஸ்தா, குளிருது."

"குளிரட்டும் டீச்சர். கம்பளி போட்டுக்கோங்க."

"என்னையும் சந்தேகப்படறியா?"

"உங்களை மட்டும் விட்டுட்டா மத்தவங்களுக்குக் கோவம் வராதா?"

எனக்கு ரத்தம் கொதிக்கும். என்னைப் போய், இருபது வருட அனுபவம் உள்ளவளைப் போய்! வீட்டுக்குப் போய் என் கணவரிடம் அரை மணி நேரம் அவளைத் திட்டுவேன்.

அவள் ஏன் அப்படி என்பதை எனக்குச் சொன்னது அவளுடைய அக்கா. எட்டு வயதில் எவரிஸ்தாவை நகரத்தில் ஒரு குடும்பத்திடம் விட்டார்கள். அங்கே வீட்டு வேலை செய்தால் படிக்க வைப்பதாகப் பேச்சு. அந்த வீட்டுக்காரி அவளுடைய ஞானத்தாய், அதனால் பெற்றவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். பதின்மூன்று வயதில் யாரிடமும் சொல்லாமல் லாரி ஏறித் திரும்பி வந்தாள். என்ன நடந்தது என்று கேட்டால் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். கல்யாணம் ஆகும் வரை, கதவுக்குக் குறுக்கே மேசையை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் தூங்கினாள். அப்புறம் கல்யாணம், ஒரு மகன், சுரங்கத்தில் நுரையீரல் கெட்டுச் செத்துப்போன கணவன், கேட்டை ஒட்டிய அறை. அவள் வாழ்க்கை அவ்வளவுதான்.

கொல்பானியில் அவள் சந்தேகப்படாத ஆள் ஒருவர் உண்டு. காசியானோ. அவளுடைய ஒரே மகன் வில்டரை ஞானஸ்நானத்தின்போது கையில் ஏந்தி நின்றவர். பிள்ளையை ஏந்தியவர் நமக்குக் கொம்பாத்ரே. நாம் அவருக்குக் கொமாத்ரே. கூடப் பிறந்தவனோடு கோர்ட்டுக்குப் போகலாம், எங்கள் ஊரில் பாதிப் பேர் போயிருக்கிறார்கள். கொம்பாத்ரேயை முறைத்துப் பார்த்தால்கூட விளைச்சல் கெட்டுவிடும் என்பார்கள். புருஷன் செத்தபோது சவப்பெட்டிக்கு மரம் வாங்கியவரும், அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் காசியானோதான். ஊரில் நாற்பது பிள்ளைகளுக்கு மேல் அவர் ஞானத்தகப்பன். பெற்றோர் குழுவின் தலைவரும் அவரே. பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டுக்கு வரும் பால் பாக்கெட்டும் பன்னும் வைக்கிற சாமான் அறை அவர் பொறுப்பில் இருந்தது. அந்த அறைச் சாவியை எவரிஸ்தாதான் அவரிடம் கொடுத்தாள். அந்தக் கதவின் தாழ்ப்பாளை மட்டும் அவள் கழற்றவில்லை.

நெல்வி அவருடைய ஞானமகள்களில் ஒருத்தி. ஒன்பது வயது, என் வகுப்பு. அப்பா பக்கத்து நாடான சிலியில் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்தார், வருடத்துக்கு ஒரு முறை வருவார். அம்மா பிரிமித்திவா ஆடு மேய்ப்பாள், சந்தையில் பாலாடைக்கட்டி விற்பாள். நெல்வி வாயாடி. வகுப்பில் யார் பென்சிலை யார் எடுத்தார்கள் என்று என்னிடம் கோள் சொல்வதற்கே பிறந்தவள்.

மே மாதத்தில் அந்த வாய் மூடிக்கொண்டது. சாப்பிட மாட்டேன் என்றாள். ஒருநாள் நாற்காலி நனைந்திருந்தது, மறுநாளும். இடைவேளை மணி அடித்தால் எல்லாரும் வெளியே ஓடுவார்கள். இவள் மட்டும் கரும்பலகையைத் துடைக்க நிற்பாள். சுத்தமான கரும்பலகையைத் திரும்பத் திரும்பத் துடைப்பாள்.

"போடி வெளியே, வெயில்ல நில்லு," என்று நான் விரட்டினேன்.

"இங்கயே இருக்கேன் டீச்சர். உங்க மேசையை அடுக்கித் தர்றேன்."

"உங்க ஞானத்தகப்பன் பன்னு பிரிச்சுக் குடுக்க உன்னைக் கூப்பிட்டுட்டே இருக்காரு பாரு. போ, போய் உதவி பண்ணு."

நான்தான் அனுப்பினேன். ஒரு நாள் இல்லை, பல நாள். மற்ற பிள்ளைகளுக்கு அவள்மேல் பொறாமை, அவளுக்கு மட்டும் வாழைப்பழம் இரண்டு கிடைக்கிறதென்று. அவள் அதிர்ஷ்டக்காரி என்றுதான் நானும் நினைத்தேன். 

பிரிமித்திவா அவளுக்குப் பயந்த கோளாறு என்றாள். மே மாதத் தொடக்கத்தில் முச்சந்தி நாய் ஒன்று அவளைத் துரத்தியிருந்தது. பயந்த பிள்ளையின் அஹாயு, அதாவது உயிரின் ஒரு பங்கு, பயந்த இடத்திலேயே நின்றுவிடும். பிள்ளையின் துணியை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையோடு கூட்டிவந்து, அந்தத் துணியைப் பிள்ளைக்குப் போட்டுவிட வேண்டும். நான் பட்டம் வாங்கியவள்தான். எனக்கும் என் அம்மா மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள், அதனால் நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். பிரிமித்திவா முச்சந்தியில் போய் மூன்று வெள்ளிக்கிழமை கூப்பிட்டாள். நெல்வி தேறவில்லை.

எவரிஸ்தா அந்தப் பிள்ளையைக் கவனிக்க ஆரம்பித்தாள். பிள்ளையைக் கவனித்தவள் சுற்றியிருந்த ஆண்களையும் கவனித்தாள். அவள் கண் போய் நின்றது எலியோதோரோவின்மேல்.

எலியோதோரோ ஆகஸ்டு தேசிய விழா அணிவகுப்புக்காகப் பள்ளி பேண்டைப் பழக்க வந்த வாத்தியார். வெளியூர், பள்ளத்தாக்குப் பக்கம். தனி ஆள். பாட்டுப் பாடுவது போல இழுத்துப் பேசுவார், பையில் எப்போதும் மிட்டாய் வைத்திருப்பார். ஒரு மனிதனைச் சந்தேகப்பட எங்கள் ஊரில் இதைவிட வேறென்ன வேண்டும்? நெல்வியைத் தாளம் தட்ட எடுத்திருந்தார். ஒரு மாலை நெல்வி அவருடைய கோட்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு பேண்டு அறையிலிருந்து வெளியே வந்தாள். எவரிஸ்தா அதைப் பார்த்துவிட்டாள்.

"பாவாடை நனைஞ்சிருச்சு. மத்த பசங்க சிரிக்கக் கூடாதுன்னு குடுத்தேன்," என்றார் அவர்.

"அப்படியா," என்றாள் எவரிஸ்தா. அந்த 'அப்படியா'வில் கத்தி இருந்தது.

அதற்குப் பிறகு பேண்டு அறை வாசலை அவள் ஒரு நாளில் நான்கு தடவை பெருக்கினாள். தூசி இல்லாத இடத்தைப் பெருக்கிப் பெருக்கிச் சிமெண்டே தேய்ந்துவிடும் போலிருந்தது. எலியோதோரோ ஒருநாள் என்னிடம் வந்து, "அந்தப் பொண்ணு எதுக்கோ பயப்படுது டீச்சர். உங்ககிட்ட ஏதாவது சொல்லிச்சா?" என்று கேட்டார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வேவு பார்க்கிறான், பிள்ளை வாயைத் திறந்ததா என்று தெரிந்துகொள்ள வருகிறான் என்று நினைத்தேன். முகத்தில் அடித்த மாதிரி, "ஒண்ணும் சொல்லலை," என்றேன். எவரிஸ்தாவின் சந்தேகம் எனக்கும் தொற்றிவிட்டது. இத்தனை வருடம் அவளைத் திட்டிய நான், தொற்றக் கூடாத நேரத்தில் அதை வாங்கிக்கொண்டேன்.

அப்புறம்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். சந்தேகம் வந்தால் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்பதில் அவள் உறுதியானவள். சொல்ல வேண்டிய ஆள் யார்? பெற்றோர் குழுத் தலைவர், பிள்ளையின் ஞானத்தகப்பன், தன் கொம்பாத்ரே, மூன்றும் ஒருவரே. நேராகக் காசியானோவிடம் போனாள். என்னிடம் அதைச் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

"கொம்பாத்ரே என்ன சொன்னாரு?"

"நல்லவேளை எங்கிட்ட சொன்னே கொமாத்ரே, வேற யார்கிட்டயும் வாய் விடாதே, பொண்ணு பேரு கெட்டுரும்னாரு. இனிமே இடைவேளையில அவளைத் தன் பக்கத்துலயே வெச்சுக்கறேன்னு சொல்லிட்டாரு."

வைத்துக்கொண்டார். ஜூன் மாதம் முழுக்க வைத்துக்கொண்டார். நாங்கள் எல்லாரும் பேண்டு அறையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எலியோதோரோ குடியிருந்த வீட்டுச் சுவரில் யாரோ கரியால் கெட்ட வார்த்தை எழுதினார்கள். காசியானோ பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, பெயர் சொல்லாமல் பேசினார். நம் பிள்ளைகள், நம் ரத்தம், வெளியூர்க்காரர்கள் என்றார். ஜூன் கடைசியில் எலியோதோரோ தன் டிரம்பெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு காலைப் பேருந்தில் போய்விட்டார். ஊரே மூச்சு விட்டது. எவரிஸ்தாவும்தான்.

ஆனால் நெல்வி தேறவில்லை. இன்னும் மெலிந்தாள். முடி கொத்தாக வர ஆரம்பித்தது. எவரிஸ்தாவுக்கு இது கணக்கில் வரவில்லை. ஆள் போய்விட்டான், பிள்ளை ஏன் இன்னும் இப்படி இருக்கிறது? அவளே ஒரு பதில் கண்டுபிடித்தாள். உயிரை முச்சந்தியில் கூப்பிட்டது தப்பு, பேண்டு அறையில் அல்லவா கூப்பிட வேண்டும்.

ஜூலை குளிர்கால விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, பள்ளி விட்டு எல்லாரும் போன பிறகு, நான்கு மணி இருக்கும். பிரிமித்திவா நெல்வியைக் கூட்டிக்கொண்டு, அவளுடைய ஸ்வெட்டரோடு வந்தாள். என்னையும் எவரிஸ்தா இருக்கச் சொன்னாள்.

"நான் எதுக்கு?"

"நீங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க. நாளைக்கு ஒண்ணு சொன்னா கேப்பாங்க. எனக்கு எவன் காது குடுப்பான்?"

நாங்கள் நால்வரும் பேண்டு அறைக்குப் போனோம். எவரிஸ்தா வாசலில், எங்கள் சடங்குகளுக்கெல்லாம் வைக்கிற கோக்கா இலையைத் தூவினாள். ஸ்வெட்டரை விரித்துப் பிடித்துக்கொண்டு, "நெல்வீ, வா, வீட்டுக்குப் போகலாம் வா..." என்று ஆரம்பித்தாள்.

நெல்வி அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டேன்.

"இங்க இல்ல."

எவரிஸ்தா நிறுத்தினாள். குனிந்து பிள்ளையைப் பார்த்தாள். யார் என்று அவள் கேட்கவில்லை, என்ன என்று கேட்கவில்லை. அது எனக்கு இன்றும் ஆச்சரியம். நான் என்றால் கேட்டிருப்பேன்.

"எங்கன்னு தெரியுமா கண்ணு? நீ முன்னால போ. நாங்க பின்னால வர்றோம்."

நெல்வி நடந்தாள். முற்றத்தைக் குறுக்கே கடந்து, கூடைப்பந்துக் கம்பத்தைத் தாண்டி, கேட்டுப் பக்கம் போகிறாள், முச்சந்திக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். சமையல்கூடத்து மூலையில் திரும்பினாள். சாமான் அறைக்கு நான்கு அடி முன்னால் நின்றுவிட்டாள். அதற்கு மேல் அவள் கால் நகரவில்லை. பாவாடை நனைவது தெரிந்தது.

"இங்கதான்," என்றாள்.

அந்தப் பூட்டுக்கு இரண்டே சாவி. ஒன்று எவரிஸ்தாவின் இடுப்பில் தொங்கியது. மற்றது யாரிடம் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். பிரிமித்திவா வாயைத் திறந்தாள். எவரிஸ்தா அவள் கையை அழுத்தினாள்.

"அவளை ஒண்ணும் கேக்காதே. இப்ப ஒரு வார்த்தையும் கேக்காதே."

பிறகு கூப்பிட்டாள். நான் அப்படி ஒரு கூப்பிடலைக் கேட்டதே இல்லை. "நெல்வீ! இங்க நிக்காதே! வா என் தாயி! உன்னை இங்க விட்டுட்டுப் போயிட்டோம், வா!" கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, குரல் மட்டும் உடையவில்லை. ஸ்வெட்டரைச் சுருட்டி மார்போடு அணைத்து எடுத்துவந்து பிள்ளைக்குப் போட்டுவிட்டாள். நெல்வி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

தலைமையாசிரியர் அறையில் இன்னும் விளக்கு எரிந்தது. அவரிடம் சொன்னோம். வெளிறிப்போனார். எழுந்து கதவைச் சாத்திவிட்டு, "அவசரப்பட வேண்டாம். முதல்ல காசியானோகிட்ட ஒரு வார்த்தை பேசிடலாம்," என்றார்.

"அவருகிட்ட முதல்ல பேசினவ நான்தான் சார்," என்றாள் எவரிஸ்தா. "பேசினதுக்கு என்ன ஆச்சுன்னு பாத்தீங்கல்ல?"

அன்றே கடைசி மினிபஸ்ஸில் நால்வரும் மாகாணத் தலைநகருக்குப் போனோம். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் அந்த நேரத்திலும் ஒரு பெண் அதிகாரி இருந்தாள். நெல்வி அவளோடு தனியாக உள்ளே போனாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை நான் கேட்கவில்லை, யாரும் கேட்கக் கூடாது என்று அந்த அதிகாரியும் சொல்லிவிட்டாள். மனநல ஆலோசகர் வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை போலீஸ் வந்து காசியானோவைக் கூட்டிப்போனது.

ஊர் இரண்டாகப் பிளந்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான். பிளக்கவில்லை. முக்கால்வாசி ஊர் காசியானோ பக்கம் நின்றது. வாசற்காரிக்குப் பைத்தியம், முதலில் வாத்தியாரைச் சொன்னாள், இப்போது இவரைச் சொல்கிறாள், நாளைக்கு யாரோ என்றார்கள்.  முதலில் வாத்தியாரைச் சொன்னது உண்மைதானே. ராணுவத்தில் இருந்த வில்டர், தன் ஞானத்தகப்பனைக் காட்டிக் கொடுத்தவள் தனக்கு அம்மா இல்லை என்று போனில் சொல்லிவிட்டான். எவரிஸ்தா எலியோதோரோவுக்கும் போன் செய்தாள். மன்னிப்புக் கேட்டாள்.  அவர், "பொண்ணு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டாராம்.

பதினோராம் நாள் ஊர்க்கூட்டம் கூடியது. பள்ளிக்கூட முற்றத்திலேயே கூடினார்கள். பிரிமித்திவா புகாரைத் திரும்பப் பெறுவதாக நடவடிக்கைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும், ஊருக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அதைக் கோர்ட்டில் காட்டினால் ஆளை வெளியே எடுத்துவிடலாம் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். புத்தகத்தில் எழுதுபவள் நான். நெல்வியை இந்தக் கூட்டத்தின் கண்ணில் காட்டக் கூடாது என்று எவரிஸ்தா அவளைத் தன் அறையில் உட்கார வைத்து, கையில் ஒரு கோப்பை சூடான கஞ்சியைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

காசியானோவின் மனைவி தெயோஃபிலா கோக்கா இலைப் பையோடு வந்து பிரிமித்திவா முன்னால் மண்டியிட்டாள். பிறகு எவரிஸ்தா முன்னாலும் மண்டியிட்டாள். எங்கள் வழக்கத்தில் மண்டியிட்டவரைத் தூக்கி அணைக்க வேண்டும். அணைத்தால் மன்னித்தாயிற்று. மன்னித்தால் பேச்சு முடிந்தது. அணைக்காதவள் மனுஷியே இல்லை.

எவரிஸ்தா அவளைத் தூக்கினாள். அணைத்தும் கொண்டாள். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"உன்னை மன்னிக்க என்ன இருக்கு கொமாத்ரே," என்றாள் எவரிஸ்தா. "நீ ஒண்ணும் பண்ணலையே. பண்ணவர் வேற. அவருக்காக நீ போடற மண்டியை நான் வாங்கிக்க மாட்டேன்."

"ஞானஸ்நானத் தண்ணியை மறந்துட்டியா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"மறக்கலைய்யா. அதை மறந்திருந்தா மே மாசமே கண்டுபிடிச்சிருப்பேன். நான் எல்லாரையும் சந்தேகப்பட்டேன். இந்த டீச்சரை, பாதிரியாரை, உன் தம்பியை, உன்னையும்தான். அந்த ஒரு கதவை மட்டும் பாக்கலை. சாவி குடுத்தது நான். வாத்தியாரைப் பத்தி அவருகிட்டயே போய்ச் சொன்னது நான். அப்புறம்தானே பொண்ணைப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டாரு!"

"அப்ப நீயும் குத்தவாளிதான்!"

"ஆமா. எழுதுங்க டீச்சர். அதையும் புத்தகத்துல எழுதுங்க."

எழுதினேன். அதற்குக் கீழே, கேட்காமலே, இடைவேளையில் அந்தப் பிள்ளையை வகுப்பை விட்டு விரட்டியவள் நான் என்றும் எழுதி என் பெயரைப் போட்டேன். பேனாவைப் பிரிமித்திவாவிடம் நீட்டச் சொன்னார்கள். அவள் அதை வாங்கவில்லை. "எனக்கு ஆடு கட்டணும்," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். கூட்டம் அப்படியே கலைந்தது. ஒருவரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

நானும் எவரிஸ்தாவும் அவள் அறைக்குப் போனோம். நெல்வி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கஞ்சி பாதி குறைந்திருந்தது. முந்தைய தினம்தான் முட்டி வலி என்று புலம்பிய எவரிஸ்தா, சிமெண்டுத் தரையில் மண்டியிட்டாள்.

"நெல்வி கண்ணு, இதை உங்கிட்ட சொல்லணும். அந்தச் சாவியை அந்தாளுகிட்ட குடுத்தது நான். உன்னைப் பாத்துக்கச் சொல்லி அவருகிட்டயே விட்டதும் நான். தப்புப் பண்ணினது அவரு. பாக்காம விட்ட தப்பு என்னோடது. நீ என்னை மன்னிக்க வேண்டாம். தெரிஞ்சுக்கிட்டா போதும்."

நெல்வி கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கி, விடை சரியா என்று வகுப்பில் கேட்பது போலக் கேட்டாள்:

"அப்போ தப்பு என்னோடது இல்லையா?"

பதினோரு நாளாக அவளைச் சுற்றி நாங்கள் பஸ் பிடித்தோம், புகார் கொடுத்தோம், கூட்டம் போட்டோம், அழுதோம். கேள்வி கேட்கக் கூடாது என்று அவளிடம் பேசாமலே இருந்துவிட்டோம். இந்த ஒன்றைச் சொல்ல எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

"இல்லடி," என்றேன் நான். எவரிஸ்தாவும் இல்லை என்று தலையை ஆட்டினாள். "இல்ல. துளிகூட இல்ல," என்றேன் மறுபடியும்.

"நிஜமாவா டீச்சர்?"

"நிஜமா."

நெல்வி இன்னும் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் சொன்னேன்.